19,868 பேரில் 30 பேர்

பிரிட்டனில் 2016-17 தொடங்கி மூன்று கல்வியாண்டுகளில், அரசின் ஆராய்ச்சி நிதியில் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை பெற்றவர்கள் 19,868 பேர். அதில் கறுப்பினத்தவரும் கலப்பினக் கறுப்பினத்தவரும் சேர்ந்து 245 பேர். கரீபிய வம்சாவளியினர் வெறும் 30 பேர். லீடிங் ரூட்ஸ் என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கு இது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 4 சதவீதம், உதவித்தொகையிலோ 1.2.

"விண்ணப்பம் போட்டால்தானே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். விண்ணப்பம் போடும் நாளுக்குள் பலர் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதல் வடிகட்டல் இளங்கலை மதிப்பெண். உதவித்தொகைக்குப் பொதுவாக முதல் வகுப்போ மேல் இரண்டாம் வகுப்போ வேண்டும். அந்த இரண்டையும் பெறுவதில் வெள்ளையர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அந்த ஆண்டுகளில் 20 புள்ளிகளுக்கு மேல் இடைவெளி இருந்தது. பள்ளியில் ஒரே மதிப்பெண் எடுத்து வந்தவர்களை ஒப்பிட்டாலும் இடைவெளி மறையவில்லை. அடுத்தது முதுகலை. பல துறைகளில் அது எழுதப்படாத தகுதி. முதுகலைக் கடன் 2016இல் வந்தபோது அதிகபட்சம் 10,000 பவுண்டுதான். கட்டணத்துக்கும் லண்டன் வாடகைக்கும் சேர்த்தே அவ்வளவுதான் கிடைத்தது. வீட்டில் பணம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது வடிகட்டல். பல இடங்களில் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரியில் வரும். ஆனால் அக்டோபர், நவம்பரிலேயே ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, அவரை நெறியாளராகச் சம்மதிக்க வைத்து, ஆய்வுத் திட்டத்தை அவரோடு இரண்டு மூன்று முறை திருத்தியிருக்க வேண்டும். அதன்பின் துறை தன் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி மேலே அனுப்பும். இந்தக் கால அட்டவணை விளம்பரத்தில் இருக்காது. ஆசிரியரின் அறைக்குப் போய்ப் பேசிப் பழகிய மாணவருக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடியவருக்கு ஜனவரியில்தான் தெரியவரும்.

அந்த முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் எங்கும் பதிவாகாது. யார் எழுதினார், எந்த இனத்தவர், எத்தனை பேருக்குப் பதில் போனது, எதுவும் கணக்கில் இல்லை. பிறகு பல்கலைக்கழகம் விண்ணப்பப் பட்டியலை எடுத்து வைத்து, "எங்கள் தேர்வில் பாகுபாடு இல்லை" என்கிறது. பாகுபாடு நடந்த இடம் அந்தப் பட்டியலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது!

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். நெறியாளரை அணுகுவதற்குப் பொதுப் படிவம், பதில் சொல்லக் கெடு, இனவாரிப் பதிவு. விண்ணப்பத்தில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே வெளியிடுவது. இருவர் தனித்தனியே மதிப்பிட்ட பிறகே கூடிப் பேசுவது. இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதே முடிவாகும். பரிந்துரைக் கடிதத்தை நேர்காணல் பட்டியலுக்குப் பிறகு கேட்பது.

நம்மூர் போல இட ஒதுக்கீடு வைக்கலாமே என்றால், அங்கே சட்டம் இடம் தராது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 158ஆம் பிரிவு, பின்தங்கிய பிரிவினருக்கென்று தேவைக்கேற்ற அளவில் நடவடிக்கை எடுக்க அனுமதிக்கிறது. தனி உதவித்தொகை அதற்குள் வரும். ஆனால் புள்ளிவிவரத்தோடு நியாயப்படுத்த வேண்டும், அதற்குத்தான் அந்தப் பதிவு. இந்தத் தடைகளைக் குறைக்க இங்கிலாந்தின் உயர்கல்வி, ஆராய்ச்சி நிதி அமைப்புகள் 2021இல் 13 திட்டங்களுக்குச் சுமார் 80 லட்சம் பவுண்டு ஒதுக்கின. நல்லதுதான், ஆனால் திட்டப் பணத்துக்கு முடிவு தேதி உண்டு.

இன்னொன்று. 'வெள்ளையர் அல்லாதோர்' என்று எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்த 30 பேர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். அங்குள்ள கணக்கெடுப்பில் ஈழத்தமிழர் 'பிற ஆசியர்' கட்டத்தில் கரைந்துபோவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் நெறியாளர்களாக இருக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த அக்டோபர் முதல் ஜனவரி வரை நெறியாளராகச் சம்மதம் கேட்டு உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களை எண்ணி வையுங்கள். எத்தனைக்குப் பதில் எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி, துறைக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள்.