“மூன்று நாளில் மூட்டுவலி போகும்”: உண்மை என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “முட்டி மாற்று அறுவை செய்தால் நடக்கவே முடியாது. இந்த ஜாமு (பாரம்பரிய மூலிகை) மாத்திரை மூன்றே நாளில் குணமாக்கும்.” இரண்டுமே தவறு.

அறுவை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். எல்லாருக்கும் அறுவை தேவையும் இல்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரைதான் முதலில்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டித் தேய்ந்த முட்டிக்கு உடனே சுகம் என்றால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் இப்படிப்பட்ட மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முகம் உப்பும், ரத்தச் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தாதீர்கள்; டப்பாவோடு அரசு கிளினிக்கில் காட்டுங்கள். டப்பாவில் உள்ள, எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணை, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.