டைப் ரேட்டிங் எடுத்தால் பைலட் வேலை உறுதியா?

மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்: “200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கி, ஏ320 (ஏர்பஸ் விமான ரகம்) டைப் ரேட்டிங்கும் எடுத்தால் வேலை உறுதி.” இது தவறு.

200 மணி நேரம் என்பது டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அந்த உரிமம் தருவதற்கான குறைந்தபட்ச அளவு. அதில் 100 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக) பறந்திருக்க வேண்டும். டைப் ரேட்டிங் ஒரு குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டும் தகுதியை உரிமத்தில் சேர்க்கும், அவ்வளவுதான். ஏடிஆர் ரக விமானங்களை மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு உங்கள் ஏ320 ரேட்டிங்கால் பயனில்லை. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் எல்லாம் தனி.

பலர் சறுக்குவது காத்திருக்கும் காலத்தில்தான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளைப் பார்த்தே விமானம் ஓட்டும் தகுதி) ஓராண்டுதான் செல்லும். கிளாஸ் 1 மெடிக்கல் என்ற விமானிகளுக்கான மருத்துவத் தகுதிச் சான்றும் இளைஞர்களுக்கு 12 மாதம்தான். ஆள் எடுக்கும் நேரத்தில் ஏதாவது ஒன்று காலாவதியாகியிருந்தால் வாய்ப்பு கைநழுவும். புதுப்பிக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

‘ஆஃபர் லெட்டர்’ காட்டி யாராவது முன்பணம் கேட்டால், ரப்பர் தோட்டத்தை அடமானம் வைக்கும் முன் அதை வரிவரியாகப் படியுங்கள். ‘நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டது’ என்றிருந்தால் அது பணி நியமன உத்தரவு அல்ல. அந்தப் பணியிடம் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா, பயிற்சிப் பள்ளி டிஜிசிஏ பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.