நம்ம ஊர் மேலே ஒரு ரவுண்டு

போன வாரம் குன்னூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் சின்ன அத்தை. "தனியாவே பிளேன் ஓட்டுறியாமே கண்ணு, என்ன தைரியம்! ஒரு நாள் நம்ம ஊர் மேல ஒரு ரவுண்டு வாயேன். நாங்க எல்லாம் மொட்டை மாடில நின்னு கை காட்டுறோம்" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து மழுப்பிவிட்டு ரசத்துக்குக் கையைக் குழித்து நீட்டிவிட்டேன். அங்கே சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

வரமாட்டேன் அத்தை.

முதல் காரணம் மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. குன்னூர் 6,000 அடி. தொட்டபெட்டா 8,650 அடி. நான் ஓட்டுவது செஸ்னா 172, ஒற்றை இன்ஜின். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் வண்டி, 8,000 அடியில் காற்று மெலிந்துபோய் அதில் பாதி ஏறினாலே பெரிது. மலையின் மறுபக்கம் காற்று கீழே இறங்கும் இடத்தில் மாட்டினால், மூக்கைத் தூக்கிப் பிடித்தும் வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளத்தாக்குக்குள் அந்த நிலை வந்தால் திரும்பக்கூட அகலம் இருக்காது.

இரண்டாவது மேகம். அது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? லேம்ஸ் ராக் பாறை முனையில் நின்று கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து ஏறி வந்து, போட்டோ எடுப்பதற்குள் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். கண்ணால் பார்த்து ஓட்டுகிற என் போன்றவர்களுக்கு விதி உண்டு: 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மேலே இந்தக் கணக்கு மதியம் வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்? 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவருக்கு 20 விநாடி, ஒருவருக்கு 8 நிமிடம். சராசரி 178 விநாடி. ஒரு சினிமா பாட்டு முடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதிலுள்ள திரவம்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராக மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கி 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லிவிடும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பஸ் நகர்ந்தால் நம் பஸ் நகர்வதாகத் தோன்றுமே, அதே மாதிரி ஏமாற்றுதான். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஒரு டீக்கடை தெரியும், புத்தி திரும்பிவிடும். மேகத்தில் டீக்கடை கிடையாது.

2021 டிசம்பர் 8-ஐ நம் ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் வந்த 14 பேரையும் இழந்தோம். மலை ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த காணொளியில், ஹெலிகாப்டர் வெள்ளைக்குள் நுழைந்து மறைவதை எல்லாரும் பார்த்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் போய், திசையுணர்வு குழம்பி நிலத்தில் மோதியது என்றுதான் முப்படை விசாரணையும் சொன்னது. அவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், தனியாகவும் வரவில்லை. அவர்களுக்கே இந்த மலை இப்படி என்றால் என் கதையைச் சொல்லவா வேண்டும்?

ஆனால் அத்தை, மலையும் மேகமும்கூட எனக்கு அடுத்தபடிதான். நான் பயப்படுவது மொட்டை மாடியில் நிற்கப்போகும் உங்களைப் பார்த்து. 'எல்லாரும் காத்திருக்கிறார்கள்' என்ற நினைப்பு காக்பிட்டுக்குள் ஏறிவிட்டால், மனசுக்குள் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்துகொள்வான். இல்லாத நியாயமெல்லாம் பேசுவான். நம் மலை ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். தனியாக ஓட்டும்போது எதிர்வாதம் பேசவோ பிரேக் பிடிக்கவோ ஆள் கிடையாது.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் சமவெளியில் ஒரு சோலோ பயணம். கிளம்பும் முன் நானே முழங்காலில் கட்டிக்கொள்ளும் குறிப்பு அட்டையில் எழுதியிருந்தேன்: 'கண்ணுக்குத் தெரியும் தூரம் 8 கிலோமீட்டருக்குக் கீழே போனால் திரும்பு.' பாதி வழியில் புழுதி மூட்டம். தெரிய வேண்டிய ஏரி தெரியவில்லை. 'இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கலாம்' என்றான் வக்கீல். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பணம் கட்டுகிறோம், திரும்பினால் அத்தனையும் வீண், நாளைக்கு ஸ்லாட் கிடைக்குமா... மூன்று தடவை ரெண்டு ரெண்டு நிமிஷம் கொடுத்தேன். அப்புறம் தற்செயலாக அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்து. திரும்பிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் மோசம். ஒன்றும் ஆகாமல் தப்பித்த அந்த ஆறு நிமிஷத்தைச் சாட்சியாக வைத்து அடுத்த தடவை வக்கீல் இன்னும் நன்றாக வாதாடுவான்.

அதனால் இப்போது முடிவுகளை முந்தின நாள் ராத்திரியே, வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிடுகிறேன். எத்தனை மணிக்கு மேல் கிளம்பக் கூடாது, எந்த இடத்தில் எது தெரியாவிட்டால் திரும்ப வேண்டும், டேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது இறங்கியாக வேண்டும், எல்லாம். அந்தத் தாளைப் படம் எடுத்து ஒரு தோழிக்கு அனுப்பிவிடுவேன். அவளுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மாலையில் 'நாலு மணிக்கு இறங்கறதா எழுதியிருந்தியே, ஏன் நாலேகால்?' என்று கேட்பாள். எனக்கு வாய்த்த பிரேக்ஸ்மேன் அவள்தான். செக்லிஸ்ட்டையும் வாய்விட்டுத்தான் படிக்கிறேன். யாரும் இல்லாத காக்பிட்டில் தனக்குத்தானே பேசுவது பார்க்கக் கேலியாக இருக்கும். இருக்கட்டும். தூங்காத நாள், சளிக்கு மாத்திரை போட்ட நாள், வீட்டில் சண்டை போட்ட நாள் ஓட்டுவதில்லை. (கடைசி விதியால் போன வருஷம் நிறைய நாள் வீணானது, அது வேறு கதை.)

1999-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், மூட்டமான ராத்திரியில் கடல் மேல் விமானம் ஓட்டி, மனைவியோடும் மைத்துனியோடும் விழுந்தார். அன்று கூட வருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். தனியாகவே ஓட்ட விரும்புவதாகப் பதில் சொன்னாராம். விசாரணை அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வரி அது. என் வக்கீலும் அதே தொனியில்தான் பேசுவான்.

சரி, கல்யாணக் கதைக்கே திரும்புகிறேன். சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷன். வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். காட்டேரி தாண்டியதும் மூடிக்கொண்டது, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. டிரைவர் தம்பி ஓரமாக நிறுத்திவிட்டார். ஆறு மணிக்கு ரிசப்ஷன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன். பின் சீட்டில் மாமா ஒருவர் "பழகின ரோடுதானே, மெதுவா உருட்டுப்பா" என்று ஆரம்பித்தார்.

முன் சீட்டிலிருந்து சின்ன அத்தை திரும்பி ஒரு முறை முறைத்தார். "நீங்க சும்மா இருங்க. தம்பி, நீ விலகின பொறகே எடு. ரிசப்ஷன் எங்கயும் ஓடிப்போயிடாது."