பேச்சு தானா வரும்னு கைதட்டின அரங்கத்துக்கு

பேச்சு மொழிச் சிகிச்சைக்கு ஒரு துறை எதற்கு என்று ஒருவர் மேடையில் கேட்ட காணொளியை இன்று காலைக்குள் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த மேடை, யார் பேசியது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை, எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க அம்மா போதாதா? அதுக்கு ஒரு துறை, அதுக்கு நாலு பேராசிரியர், அதுல ஆராய்ச்சி வேற!" அரங்கம் கைதட்டியது. பேசியவர் பெரியவர், தெரியாமல் பேசினார் என்று விட்டுவிடலாம். எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல். முன்வரிசையில் கைதட்டியவர்களில் சிலர் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள்.

பேச்சு மொழிச் சிகிச்சையைக் கற்பிக்கிறவர்களில் ஒருத்தியாக ஒன்றே ஒன்று சொல்கிறேன். பதிவு முழுக்க அதையேதான் சொல்லப் போகிறேன். தமிழில் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லையென்றால், காவிரி டெல்டாவில் ஒரு பிள்ளைக்குப் பேச்சில் குறை இருக்கிறதா என்றே யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. சிகிச்சை எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆங்கிலத்தில் செய்த ஓர் உச்சரிப்புச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒலியையும் சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் அது கேட்கும். தமிழில் ண, ள, ழ, ற எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. க, ட, த, ப கடைசியில் மெய்யாக நிற்காது. நாக்கு, பாட்டு, பத்து, உப்பு என்று ஒரு குறுகிய உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். படிவத்தில் பல கட்டங்கள் காலியாகவே கிடக்கும். நமக்கு எது முக்கியமோ அதற்கு அங்கே கட்டமே இருக்காது. புளிக்கும் புள்ளிக்கும், பலிக்கும் பல்லிக்கும் இடையில் இருப்பது ஓர் ஒற்று. கல்லுக்கும் காலுக்கும் இடையில் இருப்பது உயிரின் நீளம். பத்துக்கும் பட்டுக்கும் இடையில் இருப்பது நாக்கு நுனி பல்லைத் தொடுகிறதா, மடங்கி மேலே போகிறதா என்பது. புள்ளியைப் புளி என்று சொல்கிற நாலு வயதுப் பிள்ளை ஆங்கிலச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வலங்கைமான் பக்கத்துப் பிள்ளை வாளப்பளம் என்கிறது. அப்பாவும் வாளப்பளம் என்கிறார், பாட்டியும் அப்படித்தான். பாடப்புத்தக உச்சரிப்பை அளவுகோலாக வைத்தால் தெருவே நோயாளி ஆகிவிடும். காற்று காத்து ஆவதும் நாற்று நாத்து ஆவதும் ர, ற இரண்டும் ஒன்றாக ஒலிப்பதும் ஊர் வழக்கு. ரோட்டை லோடு என்று சொல்வது மூன்று வயதில் இயல்பு. கதவைத் ததவு என்று 4 வயது தாண்டியும் சொன்னால் பார்க்க வேண்டும். எது ஊர் வழக்கு, எது வயதின் இயல்பு, எது குறை? இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் ஆராய்ச்சி. அம்மாவால் முடியாது என்று சொல்லவில்லை. எங்களாலேயே கணக்கு இல்லாமல் முடியாது.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், கைதட்டியவர்களுக்குத் தெரியட்டும். முதலில் சொற்களைப் பொறுக்க வேண்டும். படமாக வரையக்கூடியதாகவும், மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததாகவும், நாம் தேடுகிற ஒலி உள்ளதாகவும் இருக்க வேண்டும். பனிமனிதன் படத்தைக் காட்டினால் திருத்துறைப்பூண்டிப் பிள்ளை விழிக்கும், நண்டு என்றால் உடனே சொல்லும். ஐம்பது சொல் தேற, நூறு சொல்லைச் சில பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்துக் கழிக்க வேண்டும். பிறகு ஆறு ஆறு மாத வயது இடைவெளியில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் நகரமும் கிராமமும், ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும். எல்லாருக்கும் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பதிவு செய்த குரலை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், எந்த மொழியின் ஒலியையும் குறிக்கிற பன்னாட்டு ஒலியெழுத்தில் எழுத வேண்டும். இரண்டு பேர் எழுதியதும் ஒத்துப்போகவில்லையென்றால் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளையின் அரைமணி நேரப் பேச்சை எழுதவே ஒரு நாள் போய்விடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் "இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த ஒலியைச் சரியாகச் சொல்கிறார்கள்" என்று ஒரே ஒரு வரி எழுத முடியும். அந்த ஒரு வரியைத்தான் மேடையில் ஆராய்ச்சி வேற என்றார்கள்.

"அமெரிக்காக்காரன் எல்லாம் செஞ்சு வெச்சிருக்கானே, எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் கீழே எழுதுவார் என்று தெரியும். ஒலி மட்டும்தான் பிரச்சினை என்றால்கூட ஏதோ சமாளிக்கலாம். சொல்லை எண்ணுவதிலேயே இடிக்கும். பிள்ளையின் மொழி வளர்ச்சியைப் பார்க்க அது பேசும் வாக்கியங்களின் சராசரி நீளத்தை எடுப்போம். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் சொல்வதை நம் பிள்ளை "வரமாட்டேங்குறான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதற்குள் வினை இருக்கிறது, மறுப்பு இருக்கிறது, காலம் இருக்கிறது, யார் என்பதும் இருக்கிறது. சொல்லை மட்டும் எண்ணினால் ஒன்று. உருபனை, அதாவது சொல்லுக்குள் பொருள் தரும் சின்னச் சின்னத் துண்டுகளைப் பிரித்து எண்ணினால் நாலைந்து. எதை எங்கே வெட்டுவது, பேச்சுத் தமிழில் தேய்ந்துபோன உருபை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்று முடிவு பண்ணத் தமிழ் இலக்கணமும் மொழியியலும் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஒலி எங்கே பிறக்கிறது என்று மிடறு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என உறுப்பு வாரியாகத் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அதை மேடையில் பெருமையாகச் சொல்கிற ஊரில், அதே வேலையை இன்று செய்கிறவர்களைப் பார்த்து எதற்கு என்று கேட்கிறார்கள்.

கும்பகோணத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை, தஞ்சாவூர் மராத்தி வீட்டுப் பிள்ளை இவர்களைத் தமிழில் மட்டும் சோதித்துவிட்டுப் பேச்சு தாமதம் என்று எழுதினால் அது பொய். வீட்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். இதற்கெல்லாம் அமெரிக்காவில் விடை கிடையாது. இங்கே உட்கார்ந்து எண்ணினால்தான் உண்டு.

அடுத்து, எல்லாரும் சொல்வது. "எங்க மாமா பையன் நாலு வயசுலதான் பேசினான், இப்ப இன்ஜினியர்." உண்மையாக இருக்கலாம். இரண்டு வயதில் பேச்சு பின்தங்கிய பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடிக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று உங்கள் மாமா வீட்டில் முன்கூட்டியே தெரிந்ததா? காத்திருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பேசாமலே வளர்ந்த பிள்ளைகளின் கதையை யாரும் முகநூலில் எழுதுவதில்லை. ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேர் சொன்னால் திரும்புகிறதா, 16 மாதத்தில் ஒரு சொல்லாவது வந்ததா, 24 மாதத்தில் "அம்மா வா" என்பதுபோல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வயதாக இருந்தாலும், வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

காது விஷயம் இன்னும் மோசம். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்புச் சோதனை, சந்தேகம் என்றால் 3 மாதத்துக்குள் காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை எடுத்து உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. நம் ஊரில் சொந்தத்தில் கட்டிக்கொள்வது அதிகம், பரம்பரையாக வரும் கேட்புக் குறைக்கு அது வழி விடுகிறது. சீர்காழி திருக்கோலக்காவில் ஓசைகொடுத்த நாயகி சந்நிதிக்குப் பேசாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூத்தனூரில் சரஸ்வதிக்கு வேண்டிக்கொள்கிறார்கள். போகட்டும், நானும் கும்பிடுகிறவள்தான். நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டே இரண்டு வருடத்தைக் கடத்துவதுதான் பொறுக்க முடியவில்லை. நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசிவிடும் என்று அலைவதும் அப்படித்தான். நாக்கு ஒட்டு பால் குடிப்பதைச் சிரமப்படுத்தலாம். பிள்ளை பேசவே ஆரம்பிக்காததற்கு அது காரணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்க 6 வயது வரம்பு இருக்கிறது. அதை வைத்த மறுநாளே பிள்ளை பேசிவிடாது. சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனையிலும் எவ்வளவு மின்தூண்டல் பிள்ளைக்குக் கேட்கிறது, எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்கப் பழக்க வேண்டும். அதையும் இந்தத் துறையில் படித்தவர்கள்தான் செய்கிறார்கள்.

"அம்மா போதாதா" என்பதற்கு வருகிறேன். அம்மா வேண்டும், அம்மா இல்லாமல் எதுவும் நடக்காது. ததவு என்கிற பிள்ளையிடம் அம்மா என்ன செய்வாள்? "கதவு சொல்லு, கதவு சொல்லு" என்பாள். பிள்ளை ததவு என்று நூறு தடவை சொல்லும். தப்பான ஒலிக்கே பயிற்சி கொடுத்தாயிற்று. எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி செய்வது வேறு. முதலில் க-வும் த-வும் வேறு என்று காதுக்குப் பிரியப் பழக்குவாள். பிறகு பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்பாள், நாக்கு தானாகப் பின்னால் சரியும். அல்லது நாக்கு நுனியைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்து "த" சொல்லச் சொல்வாள். நுனி எழும்ப முடியாததால் நாக்கின் பின்பகுதி எழுந்து "க" வரும். வந்ததும் கூ, கோ என்று ஆரம்பிப்பாள், ஏனென்றால் அந்த உயிர்களில் நாக்கு ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. கீ, கே எல்லாம் பிறகுதான். அசையில் பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு சொல், அப்புறம் வாக்கியம், அப்புறம் விளையாட்டில் தானாக வருகிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு முயற்சிக்கும் தாளில் ஒரு கோடு. ஒருபுறக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து அதே பிள்ளைக்குத் தனியாகக் கோடு போடுவார். மாணவி சரி என்று போட்ட இடத்தில் ஆசிரியர் தவறு என்று போட்டிருந்தால் அன்று சாயங்காலம் பதிவை ஓடவிட்டு இரண்டு பேரும் கேட்பார்கள். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளுறைப் பயிற்சி, பிறகு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார ஆள் வேண்டாம் என்றுதானே கைதட்டினீர்கள்?

பிள்ளைகளை மட்டும் பேசினால் போதாது. பக்கவாதம் வந்த பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பலருக்குச் சொல் வராது. பேத்தி பேரைச் சொல்ல நினைத்து வேறு ஏதோ சொல்வார். புத்தி பேதலித்துவிட்டது என்று நிலம், பணம் எதையும் அவரிடம் கேட்காமலே முடிவு செய்வார்கள். பல நேரம் அவருக்குப் புரிந்துகொண்டுதான் இருக்கும். கண்ணில் தண்ணீர் வரும், அதையும் நோய் என்பார்கள். பேச்சு போனாலும் புரிதல் இருக்கலாம் என்பது 1861-இல் பாரிஸில் ப்ரோகா என்ற மருத்துவர் எழுதிவைத்த விஷயம்.

அதே பெரியவருக்கு விழுங்குவதும் எங்கள் வேலை. கஞ்சியைப் படுத்தவாக்கில் ஊற்றினால் இருமல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் போகும், நாலு நாளில் காய்ச்சல், நிமோனியா. நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி அப்படியே. தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ரசம் சாதம் அதற்கு அடுத்தது, திரவமும் பருக்கையும் ஒன்றாகப் போவதால் வாய் குழம்பும். கெட்டிக் கஞ்சி பாதுகாப்பு என்று நினைத்து ஒரே கரண்டியைத் திரும்பத் திரும்பப் பாத்திரத்தில் போடுவார்கள். கரண்டியில் ஒட்டிய எச்சில் மாவுச்சத்தைக் கரைத்து, பாதிச் சாப்பாட்டுக்குள் கஞ்சி தண்ணியாகிவிடும். ஊட்டுவதற்கு வேறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்தது யாரோ ஒரு பேராசிரியரின் வெட்டி ஆராய்ச்சிதான்.

பதவி உயர்வுக்காக யாருக்கும் உதவாத கட்டுரை எழுதுகிறவர்கள் எங்களிடமும் உண்டா? உண்டு. எந்தத் துறையில் இல்லை? அதைச் சொல்லித் துறையே வேண்டாம் என்பது, வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது, மேட்டூரை மூடு என்கிற மாதிரி. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1960களிலிருந்து இருக்கிறது, சென்னையில் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லணைக்கு வந்த தண்ணீர் கடைமடைக்கும் வர வேண்டாமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகள் 21, அதில் பேச்சு மொழிக் குறைபாடும் ஒன்று. வேதாரண்யத்து அம்மா சான்றிதழுக்கு வந்தால் அளக்கத் தமிழ்க்கோல் வேண்டும். இல்லாத கோலால் அளந்து எழுதித் தருவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

அந்தக் கோலைச் செய்ய, பேச்சில் குறை இல்லாத பிள்ளைகள்தான் இப்போது எங்களுக்கு வேண்டும். 3 முதல் 6 வயது, தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, எந்த ஊரானாலும் சரி. உங்கள் வீட்டிலேயே, அம்மா பக்கத்தில் இருக்க, அரைமணி நேரம் படம் பார்த்துப் பேசினால் போதும். ஊசி இல்லை, மருந்து இல்லை. பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவு, பிள்ளையின் பேர் எங்கும் வராது. கைதட்டியவர்களையும் சேர்த்தே கேட்கிறேன். மாணவிகள் வரும்போது மின்விசிறியை மட்டும் நிறுத்திவையுங்கள், அந்த இரைச்சலில் ச என்ற ஒலி காணாமல் போய்விடுகிறது.