வரி கட்டுவது யார்: ஒரு சின்னத் திருத்தம்

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: நாட்டில் வரி கட்டுவது ஒரு சிறு கூட்டம்தான், அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் அந்தப் பணத்தில் இலவசமாகப் படிக்க வைக்கிறார்கள் என்று. வருமான வரி கட்டுபவர்கள் குறைவு என்பது சரி, ஆனால் வருமான வரி மட்டுமே வரி இல்லையே.

2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் வருமான வரி 22 பைசா, ஜிஎஸ்டியும் பிற வரிகளும் 18 பைசா, கலால் வரி 5 பைசா, கடன் மட்டுமே 24 பைசா. இதில் ஜிஎஸ்டியும் பெட்ரோல் மேல் விழும் கலாலும், கூலி வேலைக்குப் போகிறவர், பென்ஷன் வாங்கும் பாட்டி, யார் பொருள் வாங்கினாலும் விலைக்குள்ளேயே கழிந்துவிடும். தவிர, அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பங்கு மாநில அரசு தருவது. மாநிலம் சம்பளத்துக்கு வருமான வரி போடுவதே கிடையாது. மத்திய வசூலிலிருந்து ஒரு பங்கு வரும் என்றாலும், அதன் சொந்த வரியில் பெரிய வரவு மாநில ஜிஎஸ்டி, பெட்ரோல், மது மீதான வாட் என்ற விற்பனை வரி, பத்திரப் பதிவு போன்றவைதான்.

என்னை நம்ப வேண்டாம். இந்தியாபட்ஜெட் அரசுத் தளத்தில் 'பட்ஜெட் ஒரு பார்வை' ஆவணத்தைத் திறந்தால் ரூபாய் வரும் வழி வட்டப்படமாகவே இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சோப்பு வாங்கி பில்லின் அடியைப் பாருங்கள், சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று இரண்டு வரி இருக்கும். வாங்கியவருக்கு பான் கார்டு இருக்கிறதா என்று கல்லாவில் யாரும் கேட்பதில்லை.