பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அரசுப் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்பதைக் கேலி செய்து நம் நண்பர் போட்ட பதிவையும் அதற்குக் கீழே விழுந்த சிரிப்புகளையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "போர்டை மாத்திட்டா சாதி ஒழிஞ்சிடுமா?" என்று கேட்டிருக்கிறார். ஒழியாது. ஒழிந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் சாதியை எழுதி வைக்காதீர்கள் என்கிறோம். அவ்வளவுதான்.

என் தாத்தா படித்தது லேபர் ஸ்கூல். ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளாத எங்கள் பிள்ளைகளுக்காக, வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் துறை திறந்த பள்ளி. 1949-ல் அரிசன நலத்துறை வந்தது. அப்பா படித்தபோது அது அரிசன நலப் பள்ளி. என் டி.சி.யில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. இடம் ஒன்றுதான், வாசலில் நிற்கும் வேப்பமரமும் அதேதான். இத்தனை முறை பெயர் மாறியபோது யாராவது சிரித்தார்களா? எப்படி மாறினாலும் நாங்கள் யார் என்பது அந்தப் பெயரில் பத்திரமாக இருந்தது. அது போகப் போகிறது என்றதும்தான் எல்லோருக்கும் கேள்வி வருகிறது.

மற்ற கல்வி நிலையங்களின் பெயர்கள் மாறவே இல்லையா? 1914-ல் சென்னை மகளிர் கல்லூரியாகத் தொடங்கியது மூன்றே வருடத்தில் ராணி மேரி கல்லூரி ஆனது. 1966-ல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. ஒன்று மகாராணிக்கு மரியாதை, இன்னொன்று தலைவருக்கு மரியாதை. சரி, நல்லதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதை என்று வரும்போது மட்டும் கணக்குக் கேட்கிறீர்கள்.

நண்பரே, உங்களையே கேட்கிறேன். நீங்கள் திருச்சியில் படித்தபோது அது ஆர்.இ.சி. என்ற மண்டலப் பொறியியல் கல்லூரி. 2003-ல்தான் என்.ஐ.டி. என்ற தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆனது. உங்கள் முகப்புப் பக்கத்தில் என்.ஐ.டி. என்றுதான் போட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை. பெயருக்கு மதிப்பு உண்டு என்பது உங்களுக்கும் நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரியில் சேரப் போன நாள் எனக்கு மறக்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களின் டி.சி.யை எல்லாம் எழுத்தர் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். என்னுடையதை மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பள்ளியின் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்தார். எனக்குப் பின்னால் நின்றவன் காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன். அவன் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கில் எனக்கும் கொடுத்தவன். கல்லூரியிலும் எங்கள் இருவருக்கும் ஒரே வகுப்பறைதான். அதற்கப்புறம் மூன்று வருடமும் அவன் என்னோடு பேசவில்லை.

"அதான் சாதிச் சான்றிதழ் இருக்கே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சான்றிதழ் என் பைக்குள் இருக்கும். எந்த அதிகாரி கேட்கிறாரோ அவருக்கு மட்டும் எடுத்துக் காட்டுவேன். பள்ளியின் பெயர் அப்படியா? ரேங்க் கார்டில், பேட்ஜில், கபடிப் போட்டி மைக்கில் என்று நான் காட்டாமலே என்னைக் காட்டிக்கொடுக்கும்.

"முதலில் விடுதியில் கழிவறையைச் சரி செய்யட்டும்" என்று இன்னொருவர். செய்யட்டுமே! அந்த விடுதிச் சோற்றைச் சாப்பிட்டவன் நான். கழிவறையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், பெயரும் மாற வேண்டும். ஏதாவது ஒன்றைத்தான் கேட்கலாம் என்று எங்களுக்கு மட்டும் ஏன் விதி? 2025 ஜூலையில் அரசு நல விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதி என்று மாற்றி அன்றைய முதல்வர் ஸ்டாலின் அறிவித்த பிறகுதான் பல பேருக்கு அந்தக் கழிவறையே ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரை விடமாட்டோம், அது எங்கள் வரலாறு என்று உசிலம்பட்டிப் பக்கத்து நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்ற வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வரலாற்றைக் கல்வெட்டில் வையுங்கள், பாடத்தில் வையுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் சட்டையில் ஏன் குத்த வேண்டும்? பெயர் போனால் தனி நிதியும் பணியிடங்களும் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இதெல்லாம் நானாகக் கிளப்பியதும் இல்லை. 2023-ல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழுதான், பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பையன் வீட்டில் இருந்த ரத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "மனசு சரியில்ல" என்று அன்றைக்கு எனக்குப் போன் செய்தது யார் நண்பரே? நீங்கள்தானே? அதே நீங்கள் இன்றைக்கு இதைக் கேலி செய்கிறீர்கள்.

என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறீர்கள். என் அம்மா உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். முன்பின் தெரியாத ஆள் எழுதியிருந்தால் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீங்கள் எழுதியதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.