அரன் ஸ்வெட்டரில் குல அடையாளம் இருந்ததா?

அயர்லாந்தின் அரன் தீவுகளில் ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தனிப் பின்னல் வடிவம் இருந்ததாம். கடலில் மூழ்கி இறந்தவர் உடல் கரை ஒதுங்கினால், ஸ்வெட்டரைப் பார்த்தே எந்தக் குலம் என்று சொல்லிவிடுவார்களாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதை உண்மையல்ல.

இதற்கு வித்திட்டது ஒரு நாடகம். ஐரிஷ் நாடகாசிரியர் ஜே.எம். சிங் (Synge) எழுதி 1904இல் டப்ளினில் அரங்கேறிய 'ரைடர்ஸ் டு த சீ'யில், மூழ்கிப்போன அண்ணனைத் தங்கை அடையாளம் காண்பது ஸ்வெட்டரால் அல்ல, காலுறையால். அறுபது கண்ணி போட்டுத் தொடங்கியதும் அதில் நான்கை விட்டதும் அவளுக்கு நினைவிருக்கிறது. தன் கைவேலையை அவள் அறிகிறாள், அவ்வளவுதான். குலச் சின்னம் என்ற பேச்சே அங்கு இல்லை.

கயிறு முறுக்கியதுபோலவும் வைரக் கட்டங்களாகவும் புடைத்து நிற்கும் அந்த வெள்ளை ஸ்வெட்டரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான். 1930களில் மியூரியல் கஹன் தன் டப்ளின் கடை வழியாக அதற்குச் சந்தை தேடித் தந்தார். தீவுப் பெண்களுக்கு அது வருமானம். பிடித்த வடிவத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் பின்னினார்கள். அந்தப் பெண்களின் கற்பனையையும் உழைப்பையும் பழங்காலக் குலமரபு என்று சொல்லி மறைப்பதுதான் எனக்கு வருத்தம். ஆக்ஸ்ஃபோர்டில் நூல் வியாபாரம் செய்த ஹைன்ஸ் கீவே இந்த வடிவங்களுக்குப் புராதன மத அர்த்தங்கள் கற்பித்து எழுதினார். விற்பனையாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிட்டனின் மீனவர் ஸ்வெட்டர்கள் சிலவற்றில் அணிபவரின் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னியதுண்டு. அது வேறு வழக்கம்.